சந்தைநாள் வீதியும் குடியிருப்போர் அபிப்பிராயமும்

போச்சம்பள்ளி என்ற பெயரைக் கேட்டவுடன் வெளியூரார் பலர் பட்டுச் சேலையையும் பூதான இயக்கத்தையும் நினைத்துக்கொள்வதுண்டு. அது தெலங்கானாவிலுள்ள வேறோர் ஊர், 1951-ஆம் ஆண்டில் வினோபா பாவே நிலதானம் கேட்கத் தொடங்கிய ஊர். கிருஷ்ணகிரி மாவட்டத்திலுள்ள நம்முடைய போச்சம்பள்ளிக்குப் பெயர் வாங்கித் தந்தது அதன் ஞாயிற்றுக்கிழமைச் சந்தை. ஆட்டையும் கோழியையும் காய்கறியையும் துணிமணியையும் நாடி, மத்தூர், பர்கூர், பாரூர், நாகரசம்பட்டி என்று சுற்றுவட்டாரமெல்லாம் வந்து கூடுகிற அந்த நாளில், சந்தையை ஒட்டிய வழிகளில் மோட்டார் வண்டிக்கென்று தனி அதிகாரம் எதுவும் இருப்பதில்லை. வண்டி வைத்திருப்பவனும் அதை எங்கேனும் ஓரமாக நிறுத்திவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு நடக்கிறான். உள்ளே புகுந்துவிட்ட ‘குட்டி யானை’ என்கிற சிறு சரக்கு வண்டியும், ஆட்டைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு போகிற கிழவியின் நடைக்குத் தன் வேகத்தை இறக்கிக்கொண்டு அவள் பின்னாலேயே ஊர்கிறது. இதற்கு அரசாங்க உத்தரவும் இல்லை, அறிவிப்புப் பலகையும் இல்லை. ஜனங்கள் திரண்டு நடப்பதே உத்தரவாகிவிடுகிறது.

உலகத்தின் பல நகரங்களில் இன்று பெரும் சர்ச்சைக்கு உள்ளாகியிருக்கும் ஒரு விஷயத்தை ஆராயப் புகும்போது, இந்தச் சந்தைநாள் வீதியிலிருந்து தொடங்குவதே பொருத்தமென்று எனக்குத் தோன்றுகிறது. குடியிருப்புத் தெருக்களில், அங்கே வசிப்பவர்களின் வண்டியையும் ஆம்புலன்ஸையும் சரக்கு வண்டியையும் மட்டும் அனுமதித்து, அத்தெருவைக் குறுக்கு வழியாகக் கொண்டு கடந்துபோகிற வாகனங்களைத் தடுத்து, நடப்போருக்கும் சைக்கிளில் போவோருக்கும் வீதியை ஒப்படைப்பது என்பதே அந்த ஏற்பாடு. அதைப்பற்றி அத்தெருவில் குடியிருப்பவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்ற கேள்விக்கு எளிய விடை கிடையாது. ஏனெனில், எப்போது கேட்கிறோம், யாரைக் கேட்கிறோம் என்பதைப் பொறுத்து அந்த அபிப்பிராயமே மாறுகிறது என்பதை ஆராய்ச்சிகளும் அனுபவங்களும் திரும்பத் திரும்பக் காட்டுகின்றன.

நம்முடைய பிரதேசத்துக்கு இந்த விஷயத்தில் தனிப்பட்ட சம்பந்தமொன்று உண்டு. தேசமெங்கும் ஓடுகிற இருசக்கர வண்டிகளில் கணிசமானவை பிறப்பது இந்த எல்லைப்புறத்தில்தான். ‘டிவிஎஸ் பிப்டி’ என்று ஜனங்கள் வாயில் நிலைத்துவிட்ட மொபெட் 1980-இல் ஓசூர்த் தொழிற்சாலையிலிருந்து வெளிவந்தது. மின்சார ஸ்கூட்டர் செய்யும் ஏத்தர் நிறுவனம் 2021-இல் ஓசூரில் ஆலை திறந்தது. அதற்குச் சற்று முன்னர், 2020 டிசம்பரில், 2,400 கோடி ரூபாய் முதலீட்டில் ஆலை அமைப்பதாகத் தமிழ்நாட்டு அரசுடன் ஒப்பந்தம் செய்துகொண்ட ஓலா நிறுவனம், போச்சம்பள்ளியில் 500 ஏக்கர் பரப்பில் அதை எழுப்பி, பத்தாயிரம் பெண்களைக் கொண்டே அது நடைபெறுமென்று 2021 செப்டம்பரில் அறிவித்தது. இதைக் குறை கூறும் நோக்கத்தோடு நான் சொல்லவில்லை. பஸ் வரும் நேரத்துக்குக் கட்டுப்பட்டுக் கிடந்த சிறு விவசாயிக்கும் பால்காரருக்கும் அந்தச் சிறு வண்டி அளித்த விடுதலையை நேரில் கண்டவர்கள் எவரும் அதைக் குறை கூற மாட்டார்கள். ஆயினும், வண்டியைச் செய்கிற கைகளே விடியற்காலையில் கம்பெனி பஸ்ஸுக்காகக் கூட்டு ரோட்டின் ஓரத்தில், லாரிகள் உரசிக்கொண்டு போகிற இடத்தில், நடைபாதையின்றிக் காத்து நிற்கின்றன என்பதும் அதே பிரதேசத்தின் உண்மைதான்.

எண்கள் இந்த உண்மைக்குச் சாட்சி சொல்கின்றன. 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி, இந்தியாவில் விவசாயமும் வீட்டுத் தொழிலும் நீங்கலான வேலை செய்வோரில் ஏறத்தாழ 23 சதவீதம் பேர் நடந்தும், 13 சதவீதம் பேர் சைக்கிளிலும் வேலைக்குப் போனார்கள். 2022-இல் நாட்டில் சாலை விபத்துகளில் மாண்டவர்கள் 1,68,491 பேர். அவர்களில் 32,825 பேர் பாதசாரிகள். அதே ஆண்டில் விபத்துகளின் எண்ணிக்கையில் முதலிடத்தில் நின்றது தமிழ்நாடு. இங்கு நேர்ந்தவை 64,105 விபத்துகள், இறந்தவர்கள் 17,884 பேர். அடிபட்டு வருகிறவர்களின் எலும்புகளை நாள்தோறும் சேர்த்துக்கொண்டிருந்த கோயம்புத்தூர் மருத்துவர் எஸ். ராஜசேகரன், சிகிச்சை மட்டும் போதாதென்று கண்டு, 2012-இல் சாலைப் பாதுகாப்புக் கோரி உச்ச நீதிமன்றத்தை நாடினார். அந்த வழக்கின் தொடர்ச்சியாகவே 2025 மே மாதத்தில், நடைபாதையில் நடக்கும் உரிமை அரசியல் சட்டத்தின் 21-ஆவது பிரிவு தருகிற உயிர்வாழும் உரிமையில் அடங்கியதென்று நீதிமன்றம் கூறியது.

மேனாட்டில் ‘வாகனமில்லா வீதி’ புதுமையாகப் பேசப்படுகிறதே, நமக்கு அது எந்த அளவுக்குப் புதிது என்பதையும் சிறிது சிந்திக்க வேண்டும். இந்த மாவட்டத்துக் கிராமங்களில் பொங்கலை ஒட்டி எருது விடும் விழா நடக்கும்போது, தெருவின் இருமருங்கிலும் தடுப்புக் கட்டி, ஊரே திண்ணையிலும் மாடியிலும் ஏறி நின்றுகொள்கிறது. அன்றைக்கு வீதி காளைக்குரியது. பாரதக் கூத்து நடக்கிற இரவுகளில், கூத்துக் களமாகிவிட்ட இடத்தில் விடியும்வரை எந்த வண்டியும் போவதில்லை. மாரியம்மன் பண்டிகையில் கூழ் ஊற்றும் தெருவும், தேர் திரும்புகிற மூலையும், சாவு விழுந்த வீட்டின் முன் பந்தல் போட்ட வாசலும் அப்படியே. கொள்ளையும் கேழ்வரகையும் அறுத்து வந்து தார்ச்சாலையில் பரப்பி, போகிற வண்டிகளின் சக்கரத்தாலேயே போரடித்துக்கொள்கிற வழக்கமும் இங்கு உண்டு. அதனால் இருசக்கர வண்டிகள் சறுக்கி விழுவதும் உண்டு, ஆகையால் அதை நான் ஆதரிக்கவில்லை. ஆனால் இவையெல்லாம் காட்டுவது ஒன்று: வீதியைக் கடந்துபோகும் வழியாக மட்டும் நம் ஜனங்கள் ஒருகாலும் கருதியதில்லை, உரிய காரணமும் உரிய காலமும் இருந்தால் அதை அடைத்துக்கொள்ளும் உரிமை ஊருக்கு உண்டென்ற எண்ணம் அவர்கள் மனத்தில் ஆழப் பதிந்திருக்கிறது. எவரோ எங்கிருந்தோ வந்து அடைக்கிறபோதுதான் அவர்களுக்குச் சம்மதமில்லாமற் போகிறது.

குடியிருப்போர் அபிப்பிராயத்தை முறையாக ஆராய்ந்தவர்களுள் முதன்மையாகச் சொல்லத்தக்கவர் டொனால்டு ஆப்பிள்யார்டு. 1969-இல் அவரும் மார்க் லின்டெல் என்பவரும் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரத்தில் ஒன்றையொன்று ஒத்த மூன்று தெருக்களைத் தேர்ந்தெடுத்துக்கொண்டார்கள். வீடுகளின் தோற்றத்தில் பெரிய வித்தியாசமில்லை. வித்தியாசம் போக்குவரத்தில் இருந்தது. ஒன்றில் நாளொன்றுக்குச் சுமார் 2,000 வாகனங்கள், மற்றொன்றில் 8,000, மூன்றாவதில் 16,000. வீடு வீடாகச் சென்று, இந்தத் தெருவில் உங்களுக்கு நண்பர்கள் எத்தனை பேர், முகமறிந்தவர்கள் எத்தனை பேர், உங்கள் ‘வீடு’ என்று நீங்கள் உணர்கிற எல்லை எதுவரை செல்கிறது, அதைப் படத்தில் வரைந்து காட்டுங்கள் என்று கேட்டார்கள். போக்குவரத்துக் குறைந்த தெருவில் ஒருவருக்குச் சராசரியாக 3 நண்பர்களும் 6.3 அறிமுகமானவர்களும் இருந்தார்கள். போக்குவரத்து மிகுந்த தெருவில் 0.9 நண்பரும் 3.1 அறிமுகமானவர்களுமே இருந்தார்கள். முதல் தெருவினர் தெரு முழுவதையும் தம்முடையதாக வரைந்து காட்டினார்கள். மூன்றாம் தெருவினர் வரைந்த கோடு தம் கட்டடத்தோடு, சில சமயம் தம் அறையோடு, நின்றுவிட்டது.

இந்த ஆராய்ச்சியில் என் மனத்தை மிகவும் தொட்டது வேறொரு செய்தி. வாகனம் மிகுந்த தெருவினர் அதை எதிர்த்துப் பெரிதாகக் கிளர்ந்தெழவில்லை. பொறுக்க முடிந்தவர்கள் பொறுத்துக்கொண்டார்கள், குழந்தை குட்டிகளோடு இருந்தவர்களில் வசதியுள்ளவர்கள் வேறிடம் பெயர்ந்துபோனார்கள், மீந்தவர்கள் ஜன்னலைச் சாத்திக்கொண்டார்கள். ஆகவே, ‘இந்தத் தெருவில் வசிப்பவர்கள் ஒன்றும் ஆட்சேபிக்கவில்லையே’ என்று அதிகாரிகள் சொல்கிற வாதத்துக்கு எந்த மதிப்பும் இல்லை. ஆட்சேபிக்கக்கூடியவர்கள் போய்விட்டார்கள், இருப்பவர்கள் பழகிப்போனார்கள் என்பதே அதன் பொருளாக இருக்கலாம். தம் ஆராய்ச்சிகளை 1981-இல் நூலாக வெளியிட்ட ஆப்பிள்யார்டு, அடுத்த ஆண்டிலேயே கிரேக்க நாட்டின் ஏதென்ஸ் நகரத்தில், விரைந்து வந்த கார் மோதி உயிரிழந்தார்.

பழக்கம் எப்படி எதிர்ப்பை அடக்கிவிடுகிறதோ, அப்படியே பழக்கமின்மை எதிர்ப்பைப் பெருக்கியும் காட்டுகிறது. 2020-இல் கொரோனா காலத்தையொட்டி பிரிட்டனில் லண்டன் முதலிய நகரங்களின் குடியிருப்புப் பகுதிகள் பலவற்றில், குறுக்கே கடந்துபோகும் வாகனங்களைத் தடுக்கப் பூத்தொட்டிகளும் கேமராக்களும் வைக்கப்பட்டபோது எழுந்த கூச்சல் கொஞ்சமல்ல. தொட்டிகளைக் கவிழ்த்தவர்களும் உண்டு, தேர்தல் பிரச்சாரத்தில் அதை ஆயுதமாக எடுத்தவர்களும் உண்டு. பின்னர் அந்நாட்டு அரசாங்கமே நடத்திய மதிப்பாய்வு 2024-இல் வெளிவந்தபோது, ஆராயப்பட்ட பகுதிகளில் சராசரியாக 45 சதவீதம் பேர் ஆதரித்ததும், 21 சதவீதம் பேரே எதிர்த்ததும் தெரியவந்தது. அதைவிட வியப்பு, அப்பகுதிகளில் வசிப்பவர்களில் 58 சதவீதம் பேர் தாம் அத்தகைய ஓர் ஏற்பாட்டுக்குள் வசிக்கிறோம் என்பதையே அறியாதிருந்தார்கள். உரக்கக் கேட்கும் குரலைக் கொண்டு ஊரின் மனத்தை அளந்துவிட முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணத்தை நான் அறியேன்.

ஆனால் எதிர்ப்பவர்களெல்லாம் அறியாமையால் எதிர்க்கிறார்கள் என்று எண்ணிவிடுவதும் பெரும் பிழை. அமெரிக்காவின் ஓக்லாந்து நகரம் 2020 ஏப்ரலில், 74 மைல் நீளத் தெருக்களைக் கடந்துபோகும் வாகனங்களுக்கு மூடி, நடப்பதற்கும் சைக்கிளுக்கும் விடப்போவதாக அறிவித்தது. அதைப் பாராட்டி வந்த பதில்களில் பெரும்பகுதி வசதியுள்ள வெள்ளையர் குடியிருப்புகளிலிருந்து வந்தது. ஏழைகளும் கறுப்பரும் லத்தீன் அமெரிக்கரும் மிகுதியாக வாழும் கிழக்கு ஓக்லாந்திலோ, ஊரடங்கிலும் வேலைக்குப் போயே தீரவேண்டிய அந்த ஜனங்கள், எங்களுக்கு உலாவ இடம் கேட்டோமா, மளிகைக் கடைக்கும் மருத்துவமனைக்கும் போகிற பெருஞ்சாலையை உயிரோடு கடக்க அல்லவா வழி கேட்கிறோம் என்றார்கள். நகராட்சி அதைச் செவிமடுத்தது. அடுத்த மாதமே அப்பகுதியில் அத்தியாவசியமான கடைகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் முன்னால் சாலையைக் கடக்கும் இடங்களைப் பத்திரமாக்கும் வேலையைத் தொடங்கியது. போச்சம்பள்ளியைப் போன்ற தொழிற்பேட்டை ஊர்களுக்கு லண்டனைவிடக் கிழக்கு ஓக்லாந்தே நெருங்கிய உறவென்பது என் துணிபு.

நம் அண்டையிலேயே நடந்தவற்றையும் பார்க்கலாம். புதுச்சேரியில் கடற்கரைச் சாலையை மாலை 6 மணி முதல் காலை 7.30 மணி வரை நாள்தோறும் வாகனங்களுக்கு மூடிவிடுகிறார்கள். அது இன்று ஊர்வழக்கமாகவே ஆகிவிட்டது. பகலில் ஓடும் வண்டிக்கும் இரவில் உலாவும் ஜனங்களுக்கும் ஒரே சாலை முறைவைத்துப் பயன்படுகிறது. மதுரையில் மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றிய சித்திரை வீதிகளில் வாகனங்களுக்கு இடமில்லை. சென்னையில் மாநகராட்சி 2014-இல், மோட்டார் சாராத போக்குவரத்துக்கென்று ஒரு கொள்கையை ஏற்றுக்கொண்டது. அதன் விளைவுகளுள் ஒன்றாக, தியாகராய நகர்ப் பாண்டி பஜாரில் ஏறத்தாழ 40 கோடி ரூபாய்ச் செலவில், வண்டிக்குரிய இடத்தைச் சுருக்கி அகன்ற நடைவளாகம் அமைக்கப்பட்டு, 2019 நவம்பரில் திறக்கப்பட்டது. முதலில் வாடிக்கை குறையுமே, வண்டியை எங்கே நிறுத்துவது என்றெல்லாம் வியாபாரிகள் அஞ்சியது இயற்கை. ஆயினும், குழந்தையைக் கைப்பிடித்து நடத்திக்கொண்டு தாய்மார் கடை பார்க்கிற காட்சியை அந்த வீதியில் நின்று கண்டவர்களுக்கு, அந்தப் பயத்தில் எவ்வளவு பொருளிருந்தது என்பதை யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு குறையையும் சொல்லாமல் விடலாகாது: அந்த வீதிக்கு உயிராக இருந்த நடைபாதை வியாபாரிகள், அதற்குச் சில ஆண்டுகள் முன்பே, 2013-இல், அடுக்குக் கட்டடமொன்றுக்குள் கொண்டுபோய் வைக்கப்பட்டிருந்தார்கள். நடப்பவர்களுக்காக வீதியைத் திருத்தும்போது, நடப்பவர்களை நம்பியே பிழைக்கிறவர்களின் அபிப்பிராயத்தையும் கேட்டிருக்க வேண்டும்.

எல்லைக்கு அப்பால் பெங்களூரின் சர்ச் தெருவில் வேறுவிதமான பாடம் கிடைத்தது. கல் பாவி அழகாகத் திருத்தப்பட்டிருந்த அந்தத் தெருவை 2020 நவம்பர் முதல் சில மாதங்களுக்கு, சனி ஞாயிறுகளில் மட்டும், வாகனங்களுக்கு மூடிப் பரீட்சை செய்தார்கள். ஜனங்கள் திரண்டு வந்தார்கள். காற்றின் தன்மையையும் வருகிறவர்களின் கருத்தையும் ஆராய்ந்தார்கள். பரீட்சைக் காலம் முடிந்தது, வாகனங்கள் திரும்பி வந்தன. ஒரு பரீட்சையை எதற்காகச் செய்கிறோம், அதன் முடிவில் யார் எதை முன்னிட்டுத் தீர்மானிப்பார்கள் என்பதை முன்கூட்டியே ஜனங்களுக்குச் சொல்லாவிட்டால், எவ்வளவு நல்ல பரீட்சையும் ஒரு திருவிழாவாக முடிந்துவிடும்.

இனிப் போச்சம்பள்ளிக்குத் திரும்புவோம். இங்கே ‘தெருவை மூடலாமா’ என்று ஒருவரிடம் போய்க் கேட்டால், அவர் மனத்தில் உடனே எழக்கூடிய சந்தேகங்களை எவரும் ஊகிக்கலாம். ராத்திரியில் பிரசவ வலி வந்தால் 108 வண்டி எப்படி வரும்? தோட்டத்துத் தேங்காயை ஏற்ற டெம்போ வாசல்வரை வருமா? தெருவை மூடினால் வண்டிகளெல்லாம் அடுத்த தெருவில் அல்லவா போய் விழும், அங்கே இருப்பவர்கள் மனிதர்களில்லையா? ஷிப்டு முடித்து இருட்டில் வருகிற பெண்ணுக்கு, ஆள்நடமாட்டமுள்ள சாலை பத்திரமா, அமைதியான தெரு பத்திரமா? இவற்றில் ஒன்றும் அற்பமானதல்ல. கடைசிக் கேள்வி மிகவும் கனமானது; விளக்கும் திறந்திருக்கும் ஒரு டீக்கடையும் இல்லாமல் வாகனத்தை மட்டும் நீக்கிய தெரு, பெண்களுக்குப் பயமளிக்கிற தெருவாகவே ஆகும்.

பெண்ணும் சைக்கிளும் என்று வரும்போது தமிழ்நாட்டுக்கு ஒரு சரித்திரமே இருக்கிறது. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில், ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில், அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு சைக்கிளையும் கற்பித்தது. கேலியையும் வசையையும் பொறுத்துக்கொண்டு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமத்துப் பெண்கள் அதைப் பயின்றார்கள் என்று பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதியிருக்கிறார். பின்னர், 2001-02-இல் தாழ்த்தப்பட்ட, பழங்குடி வகுப்பு மாணவியருக்கென்று தொடங்கிய அரசின் இலவச சைக்கிள் திட்டம், நாளடைவில் மற்ற மாணவ மாணவியருக்கும் விரிந்தது. சைக்கிளைக் கொடுத்தோம், அதை ஓட்டிக்கொண்டு போக வீதியைக் கொடுத்தோமா என்பதை மட்டும் நாம் கேட்டுக்கொள்ளவில்லை. லாரி போகிற சாலையின் தார் விளிம்பு உடைந்து மண்ணில் இறங்குகிற இடத்தில், புத்தகப் பையோடு தடுமாறுகிற ஒரு பதினாறு வயதுப் பெண்ணுக்கு, அரசாங்கம் அளித்த சக்கரம் பாதி உதவியே செய்கிறது.

ஆகையால், நிரந்தரமாகவும் முழுமையாகவும் மூடுவது என்ற பேச்சே இங்கு வேண்டியதில்லை என்பது என் கருத்து. பள்ளி கூடும் நேரத்திலும் விடும் நேரத்திலும் பள்ளியை ஒட்டிய தெரு. கம்பெனி பஸ் வந்து நிற்கிற நேரத்தில் அதை நோக்கி நடக்கிற வழி. ஞாயிற்றுக்கிழமையில் சந்தைக்குப் போகிற பாதைகள்: இப்படி நேரத்தாலும் இடத்தாலும் வரையறுத்து, வீட்டுக்காரர் வண்டியும் அவசர வண்டியும் எப்போதும் போகலாமென்ற விதியோடு தொடங்கலாம். இதற்குப் புதுச் சட்டம் இயற்ற வேண்டியதில்லை. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 115-ஆவது பிரிவு, பொதுஜனப் பாதுகாப்பையோ சௌகரியத்தையோ முன்னிட்டு ஒரு சாலையில் வாகனங்களைத் தடுக்கவோ கட்டுப்படுத்தவோ அதிகாரம் அளிக்கிறது. அந்தத் தடை ஒரு மாதத்துக்கு மேற்படாதாயின் அரசிதழில் அறிவிக்க வேண்டிய அவசியமும் இல்லை. பரீட்சைக்கு வேண்டிய கால அளவைச் சட்டமே வகுத்துக் கொடுத்திருக்கிறது.

அந்த ஒரு மாதத்துக்கு முன்னே ஒரு முறையும் பின்னே ஒரு முறையும் ஜனங்களைக் கேட்க வேண்டும். முன்னே கேட்பது பயத்தை அறிவதற்கு. பின்னே கேட்பது அனுபவத்தை அறிவதற்கு. இரண்டுக்கும் இடையேயுள்ள வித்தியாசந்தான் உண்மையான விடை. ஊராட்சிகளில் ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது. அங்கே கேட்கலாம், ஆனால் அங்கே மட்டும் கேட்டால் போதாது. ஏனென்றால் ஷிப்டில் இருக்கிற பெண்ணும், வகுப்பிலிருக்கிற மாணவியும், வெளியூரிலிருந்து வந்து வாடகை அறையில் தங்கியிருக்கிற தொழிலாளியும் கிராம சபைக்கு வருவதில்லை. தெலுங்கும் கன்னடமும் தமிழோடு கலந்து வழங்குகிற இந்த எல்லைப்புறத்தில், கேட்கிற பாஷையைப் பற்றியும் கவனம் வேண்டும். தெருவில் சொந்த வீடு உள்ளவரை மட்டும் குடியிருப்பவர் என்று கணக்கிட்டால், தெருவைக் காலால் அறிந்தவர்களில் பாதிப்பேர் விடுபட்டுப் போவார்கள்.

ஆப்பிள்யார்டு செய்தது போலவே, கேள்வித்தாளோடு ஊரின் படமொன்றையும் எழுதுகோலையும் கொடுத்து, உங்கள் தெரு எதுவரை என்று வரையச் சொல்லலாம். கடைக்காரரிடமும் வண்டிக்காரரிடமும் ஊர்ப் பெரியவர்களிடமும் போவதற்கு முன், மாலை நாலரை மணிக்குப் பள்ளி விட்டுச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கூட்டு ரோட்டில் சாலையைக் கடக்கக் காத்து நிற்கிற பெண்ணிடம் அந்த எழுதுகோலை முதலில் கொடுத்து, சாதாரண நாளில் ஒரு கோடும், வாகனம் குறைந்த அந்த மாதத்தின் முடிவில் இன்னொரு கோடும் வரைந்து வாங்கி, இரண்டையும் கிராம சபையில் எல்லோரும் பார்க்கும்படி சுவரில் ஒட்டிவைக்க வேண்டும்.